யாளிவாய் ஊற்றின் பதினேழாம் எண் சிற்பம்

ஒரு காட்டில், மலையடிவாரத்தில், கல்லால் கட்டிய ஊற்று ஒன்று இருந்தது. எந்தக் காலத்திலோ மனிதர்கள் வந்து கட்டிவிட்டுப் போனது. பாறையில் கசிந்த தண்ணீருக்கு வழிசெய்து, அதன் முன்னால் ஒரு யாளித் தலையைச் செதுக்கி வைத்திருந்தார்கள். யாளியின் வாய் வழியாகத் தண்ணீர் விழும். கீழே மூன்று கல்தொட்டிகள், ஒன்றுக்குக் கீழே ஒன்றாக. சுற்றுச் சுவரில் பூவும் கொடியும் அன்னமுமாக இன்னும் சில செதுக்கல்கள். கழுத்து எட்டுகிற தொட்டியில் அவரவர் குடித்துவிட்டுப் போனார்கள். கட்டிய மனிதர்கள் யார், என்ன ஆனார்கள் என்று காட்டில் யாருக்கும் தெரியாது. தண்ணீர் வந்துகொண்டிருந்ததால் யாரும் கேட்கவுமில்லை.

அந்த யாளியின் தொண்டைக்குள் வளையம்மாள் என்ற நண்டு குடியிருந்தாள். வயது ஒன்பது. கருங்கல் நிறம், அகன்ற முதுகு, கொஞ்சம் முன்கோபம். அவளுக்கு மணல் ஆகாது. வீட்டுக்குள் நாலு மணல் கிடந்தால்கூட அவளுக்கு இருப்புக்கொள்ளாது. மலையோ ஒவ்வொரு நாளும் மணலையும் வேரையும் மக்கிய இலையையும் ஊற்றுக்கண்ணில் கொண்டுவந்து தள்ளும். வளையம்மாள் விடிந்ததும் எழுந்து இரண்டு கொடுக்காலும் அதையெல்லாம் வாரி யாளியின் வாய்க்கு வெளியே கொட்டுவாள். கொட்டும்போது மலையைத் திட்டுவாள். அவளைப் பொறுத்தவரை அவள் வீடு பெருக்கினாள், அவ்வளவுதான். காடு தண்ணீர் குடித்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று காட்டுக்குத் தோன்றவில்லை.

தினமும் முதலில் குடிக்க வருகிறவன் கிளையப்பன் என்கிற கடமான். பெரிய உடம்பு, பெரிய கொம்பு, சின்னக் குரல். அவன் குனிந்தால் கொம்பில் மாட்டியிருக்கும் காய்ந்த இலையெல்லாம் தொட்டியில் உதிரும். வளையம்மாள் அவனைத் திட்டுவாள். அவன் "சரிக்கா" என்பான். மறுநாளும் உதிரும். இப்படியே ஆறு வருடமாக அவர்கள் நண்பர்கள்.

இப்படி இருக்கையில் பக்கத்து மலையில் செல்போன் கோபுரம் வந்தது. காட்டில் கைபேசி இல்லாத பிராணியே இல்லை என்று ஆயிற்று. ஒருநாள் வலசை போகிற வழியில் இறங்கிய பறவை ஒன்று யாளிவாய் ஊற்றைப் படம் பிடித்து, 'கேட்பாரற்றுக் கிடக்கும் நம் பாரம்பரியம்' என்று கீழே எழுதிப் போட்டுவிட்டுத் தன் வழியில் பறந்துவிட்டது. மூன்றே நாளில் அதைப் பதினோராயிரம் பிராணிகள் பகிர்ந்தன. படத்தின் ஓரத்தில் இரண்டு பன்றிகள் நன்றாகக் குடித்துக்கொண்டிருந்தது தெரியத்தான் செய்தது. ஆனால் அவற்றைக் கேட்பார் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை.

பத்தாம் நாள் மரபுச் சின்னக் காப்பகத்திலிருந்து அலுவலர் வந்து இறங்கினார். பெயர் சூலபாணி. முள்ளம்பன்றி. பேனாவுக்கு அலைய வேண்டாத உடம்பு. முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்குவார், எழுதுவார், காதில் செருகிக்கொள்வார். நல்லவர் என்றுதான் சொல்ல வேண்டும். ஊற்றைப் பார்த்ததும் அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுற்றிலும் கயிறு கட்டச் சொன்னார்.

கயிற்றுக்குப் பிறகு பலகை வந்தது. தொடாதே, மிதிக்காதே, சாயாதே, நக்காதே என்று எழுதியிருந்தது. 'குடிக்காதே' என்பதையும் சேர்ப்பதா என்று மேலிடத்துக்குக் கேட்டு எழுதியிருப்பதாகவும், பதில் வரும்வரை விண்ணப்பம் கொடுத்துக் குடிக்கலாம் என்றும் சூலபாணி பெருந்தன்மையாக அறிவித்தார். தாக விண்ணப்பம் இரண்டு படிகள் தர வேண்டும். கிளையப்பன் 'தாகத்துக்கான காரணம்' என்ற இடத்தில் 'தாகம்' என்று எழுதிக் கொடுத்தான். காரணம் குறைந்தது இரண்டு வரியாவது இருக்க வேண்டும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவன் யோசித்து, இரண்டாவது வரியில் 'ரொம்பத் தாகம்' என்று எழுதினான். ஏற்றுக்கொண்டார்கள்.

காவலுக்கு ஓர் உடும்பைப் போட்டார்கள். பெயர் பிடியாண்டி. கழுத்தில் விசில் தொங்கும். காவலன் தூங்கிவிட்டால் என்ன செய்வது என்று எதிரே இருந்த நாவல் மரத்தில் ஒரு கேமராவையும் கட்டினார்கள். இரவோ பகலோ, கல்லின் மேல் எது அசைந்தாலும் அது மின்னி, படத்தை அலுவலகத்துக்கு அனுப்பிவிடும்.

அந்தக் கேமராவில் விழுந்த முதல் படமே வளையம்மாள்தான். இரண்டு கொடுக்கிலும் மணலோடு.

சூலபாணி கயிற்றுக்கு வெளியே நின்றபடியே அவளை விசாரித்தார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"இங்க எத்தனை வருஷமா இருக்கீங்கம்மா?"

"பொறந்ததுலேருந்து இங்கதாங்கய்யா. எங்கம்மாவும் இங்கதான் பொறந்தாங்க. அவங்க அம்மாவும்."

"ஊற்று கட்டுறதுக்கு முன்னாடி வந்தீங்களா, பின்னாடி வந்தீங்களா?"

வளையம்மாளுக்கு அது தெரியவில்லை. முன்னாடி என்றால் பூர்வகுடி, பின்னாடி என்றால் ஆக்கிரமிப்பு என்று அவர் விளக்கினார். ஆதாரம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அவள் உள்ளே போய்த் தன் தாய் கடைசியாகக் கழற்றிப் போட்ட ஓட்டை எடுத்துவந்து காட்டினாள். இத்தனை வருடமாக மணல் படாமல் துடைத்துத் துடைத்து வைத்திருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் கையெழுத்து இல்லையே என்று வருத்தப்பட்டார். ஏழு நாளில் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் எழுதிக் கொடுத்தார்.

வளையம்மாளுக்குக் கோபத்தைவிடக் கவலை முந்தியது. "நான் போயிட்டா உள்ள மணல யாருங்கய்யா வாருவாங்க?"

சூலபாணியின் முதுகு முட்கள் மெல்ல நிமிர்ந்தன. "மணல வாருறீங்களா? எத்தனை நாளா?"

"தினமும்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அது ஆயிரம் வருஷத்து வண்டல்மா" என்றார்.

"இல்லீங்கய்யா. நேத்து வந்த மணல்."

நோட்டீசில் இரண்டாவது குற்றமும் ஏறியது.

அந்த ஏழு நாளும் வளையம்மாள் யாரையும் திட்டவில்லை. அதைப் பார்த்துத்தான் கிளையப்பனுக்குப் பயம் வந்தது. மூன்று மலை தாண்டி ஓர் ஓடை இருக்கிறது, அங்கே கொண்டுபோய் விடுகிறேன், கொம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டால் போதும் என்று அவன் சொல்லிப் பார்த்தான். அங்கே யாளி உண்டா என்று அவள் கேட்டாள். யாளி இல்லை, ஆனால் மணல் நிறைய இருக்கிறது என்று அவன் உள்ளதைச் சொன்னான். வேறு வழியில்லாமல் ஏழாம் நாள் காலை போவது என்று முடிவாயிற்று.

ஏழாம் நாள் காலை, போகிற வீட்டைக் குப்பையாக விட்டுப் போக மனம் வராமல், அவள் உள்ளே எட்டிய வரைக்கும் வழித்துப் பெருக்கினாள். உடம்பெல்லாம் சேறும் பாசியுமாக வெளியே வந்து, யாளியின் கீழுதட்டில் ஏறி, கிளையப்பன் வருகிற வழியைப் பார்த்து நின்றாள். கிளையப்பன் வரவில்லை. வந்தது சூலபாணி. கூடவே அளவுநாடா, வெள்ளைப் பெயிண்ட் டப்பா, பெரிய பதிவேடு, அதைத் தூக்கிக்கொண்டு பிடியாண்டி. அன்றைக்குச் சிற்பங்களைக் கணக்கெடுக்கும் நாள். அது அவளுக்குத் தெரியாது. தன்னைப் பிடித்துப் போகத்தான் வருகிறார்கள் என்று நினைத்தாள். எட்டுக் காலும் கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டன.

சூலபாணி அன்னத்தை எண்ணினார், கொடியை எண்ணினார், யாளியின் காதுகளைத் தனித்தனியாக எண்ணினார். பதினாறு ஆயிற்று. உதட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இத்தனை நாள் இது எப்படி நம்ம கண்ணுல படாமப் போச்சு?" என்றார் மெதுவாக. "அந்தக் காலை மடிச்சு வெச்சிருக்கிற அழகப் பாருய்யா. கண்ணப் பாரு. இன்னும் கொஞ்சம் விட்டா எழுந்து நடந்துரும்போல இருக்கு."

பிடியாண்டி பார்த்தான். அவனுக்கு நண்டு என்றால் உயிர். மோப்பத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் அலுவலர் ரசித்துக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசுவது அவன் வழக்கமில்லை. ஆமாங்கய்யா, அந்தக் காலத்து வேலை என்று சொல்லிவைத்தான். சூலபாணி ஒரு முள்ளைப் பிடுங்கி எழுதினார்: 'எண் 17. நண்டு. கருங்கல். முழுமையானது. பழுது இல்லை.' பிறகு தன் கையாலேயே அவள் முதுகில் வெள்ளைப் பெயிண்டால் 17 என்று போட்டார். பெயிண்ட் சில்லென்று இருந்தது. அவள் அசையவில்லை.

உள்ளே எட்டிப் பார்த்து, வளை காலியாக இருப்பதைக் கண்டு, 'ஆக்கிரமிப்பு அகற்றப்பட்டது' என்றும் எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார்.

கிளையப்பன் வந்து சேர்ந்தபோது பிடியாண்டிதான் கயிற்றோரம் நின்று, உதட்டை அசைக்காமல் நிலைமையை விளக்கினான். நண்டு காலி பண்ணிவிட்டது, அது கணக்கில் முடிந்துபோன விஷயம். இங்கே இருப்பது சிற்பம். சிற்பத்தைக் காட்டைவிட்டுக் கொண்டுபோனால் கிளையப்பனுக்கு ஜெயில். சிற்பத்தைத் தின்றால் தனக்கு வேலை போய்விடும். "அதனால யக்கா, நீங்க இப்ப இருக்கற மாதிரி பாதுகாப்பா எப்பவும் இருந்ததில்ல" என்றான். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது எச்சில் விழுங்கினான்.

வளையம்மாள் யோசித்துப் பார்த்தாள். வீடு போகவில்லை. மூன்று மலை தாண்ட வேண்டாம். உடும்பும் தொடாது. அசையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதானே என்று தோன்றியது.

ஆரம்பத்தில் அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. அதை இங்கே மறைக்கக் கூடாது. ஒன்பது வருடமாக அவளை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இப்போது காட்டின் எல்லா மூலையிலிருந்தும் பார்க்க வந்தார்கள். குரங்குகள் குடும்பத்தோடு வந்து பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டன. முயல்கள் தும்பைப்பூ வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போயின. தட்டிப் பார்த்தே வயது சொல்வதில் பெயர்பெற்ற மரங்கொத்திப் பேராசிரியர் ஒருவர் வந்து அவள் முதுகில் மூன்று தட்டுத் தட்டி, தொள்ளாயிரம் வருடம் என்றார். அவருக்குப் போட்டியாக வந்த வௌவால் பேராசிரியர் தலைகீழாகத் தொங்கிப் பார்த்துவிட்டு, ஆயிரத்து இருநூறுக்குக் குறையாது என்றார். முதுகு வலித்தாலும் வளையம்மாளுக்கு மரங்கொத்தியின் மேல்தான் மதிப்பு வந்தது.

நாளுக்கு ஒரு தரம், கேமராவுக்கு மின்கலம் மாற்றுகிற கால் மணி நேரம் மட்டும் அவள் அசையலாம். அதற்குள் பாசி தின்ன வேண்டும், கால்களை நீட்டி மடக்க வேண்டும். முதல் வாரத்தில் உள்ளே ஓடிப்போய் இரண்டு கொடுக்கு மணலாவது வாரிக்கொண்டு வருவாள். அப்புறம் பார்வையாளர் கூட்டம் கூடியது. அவர்கள் கலைந்து போனபின் மிஞ்சிய நேரம் சாப்பிடவே போதவில்லை. உள்ளே போவது நின்றது.

யாளியின் வாயிலிருந்து அதுவரை கிளையப்பனின் கால் தடிமனுக்கு விழுந்த தண்ணீர் கொம்பு தடிமனுக்கு ஆயிற்று. பிறகு கொம்பின் நுனி தடிமனுக்கு. வளையம்மாளுக்கு முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் மாறுவது கேட்டது. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்துக்குள்ளேயே இருந்தவள் அவள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறுநாள் பக்கத்துக் காட்டிலிருந்து முப்பது மயில்கள் வந்துவிட்டன.

அது சித்திரை மாதம். வேறு தண்ணீர் மூன்று மலைக்கு அப்பால். தண்ணீருக்கு நின்ற வரிசை நாவல் மரத்தைத் தாண்டி, புதரைத் தாண்டி, மேட்டில் ஏறி இறங்கிப் போயிற்று. தண்ணீர் குறைவதற்குக் காரணம் பிராணிகள் குடிப்பதுதான் என்று சூலபாணி ஆராய்ந்து கண்டுபிடித்தார். விண்ணப்பத்துக்குக் கொடுக்கிற டோக்கன் ஒன்றுக்கு ஆறு மடக்கு என்றிருந்ததை ஒரு மடக்காக்கினார். அவரும் அந்த ஒரு மடக்கைத்தான் குடித்தார். முட்கள் காய்ந்து, எழுதும்போதே முறிந்தன.

ஒருநாள் நடுப்பகல். கிளையப்பன் இருநூற்றுப் பன்னிரண்டாம் டோக்கனோடு காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தான். முதல் ஆளாக வருகிறவன், விண்ணப்பத்தில் தேதி மாற்றி எழுதிவிட்டதால் பின்னால் தள்ளப்பட்டிருந்தான். கயிற்றுக்குப் பத்தடி தூரத்தில் அவன் முன்னங்கால்கள் மடிந்தன. மெதுவாக, சத்தமே இல்லாமல், அந்தப் பெரிய உடம்பு தரையில் உட்கார்ந்தது. பிறகு சாய்ந்தது. பின்னால் நின்ற எருமை அவனைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தது. அதைக் குற்றம் சொல்லவும் முடியாது.

கிளையப்பன் தலையைத் தரையில் வைத்தபடி வளையம்மாளைப் பார்த்தான். காப்பாற்று என்ற பார்வை அதில் இல்லை. முப்பது மயில்கள் பார்த்த மாதிரி, நன்றாயிருக்கிறது என்றுதான் பார்த்தான். அதுதான் அவளால் தாங்க முடியாமல் போயிற்று.

யாளியின் உதட்டில் ஆயிரத்து இருநூறு வருடமாக அசையாமல் இருந்த நண்டு, வரிசையில் நின்ற இருநூறு பேர் பார்க்க, எட்டுக் காலையும் ஒருமுறை உதறிக்கொண்டு எழுந்து யாளியின் வாய்க்குள் நடந்து போயிற்று. கேமரா மின்னிற்று. பிடியாண்டி விசிலை வாயில் வைத்தான், ஊதவில்லை. அவனுக்கும் தாகம்.

உள்ளே அவள் வீட்டை அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. மணல் கூரை வரைக்கும் ஏறியிருந்தது. ஒரு வேர் உள்ளே புகுந்து தடித்துக் கிளைத்து, மக்கிய இலையை அடைத்துக்கொண்டு கிடந்தது. வளையம்மாள் மலையைத் திட்ட ஆரம்பித்தாள். பிறகு மயில்களைத் திட்டினாள், பேராசிரியர்களைத் திட்டினாள், நடுநடுவே தன்னையும் திட்டிக்கொண்டாள். வெட்டினாள், வாரினாள், தள்ளினாள். முதுகு கூரையில் உரசி உரசிப் பெயிண்ட் போயிற்று. வெயில் சாயும் நேரத்தில் வேரின் கடைசி முடிச்சு அறுந்தது.

முதலில் யாளி இருமியது. பிறகு கறுப்பாக ஒரு வாய்ச் சேற்றைத் துப்பியது. அதன் பின்னால், இத்தனை நாள் மலைக்குள் தேங்கிக் கிடந்த தண்ணீரெல்லாம் ஒரே பாய்ச்சலாக வந்து மூன்று தொட்டியையும் நிறைத்து, பலகையைச் சாய்த்து, வரிசை நின்ற இடமெல்லாம் ஓடியது. கிளையப்பன் எழுந்திருக்கவே தேவைப்படவில்லை. கிடந்த இடத்திலேயே வாயைத் திறந்தான். தண்ணீர் வந்து நுழைந்தது.

காடு குடித்துக்கொண்டிருந்தது. கேமரா அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்த சூலபாணி மட்டும் யாளியின் உதட்டையே பார்த்து நின்றார். பதினேழு இருந்த இடம் காலியாக இருந்தது.

அப்போதுதான் வளையம்மாள் களைத்துப்போய் வெளியே வந்தாள். முதுகில் எண் இல்லை.

காலி செய்யச் சொல்லி ஒன்றரை மாதம் ஆன ஆக்கிரமிப்பு நண்டு திரும்பி வந்திருக்கிறது, வந்த அன்றே விலைமதிப்பில்லாத கல் நண்டு காணாமல் போயிருக்கிறது. சூலபாணிக்கு வேறெதையும் யோசிக்கத் தேவையிருக்கவில்லை. சிற்பத் திருட்டு என்று வழக்கு எழுதினார். அந்தச் சிற்பம் நான்தான் என்று வளையம்மாள் எவ்வளவோ சொன்னாள். சிற்பம் பேசாது என்பதால் அவள் பேசப்பேச அவள் கட்சி பலவீனமாயிற்று.

மறுநாள் காலை வழக்கு பெரியநாயகி முன்னால் வந்தது. பெரியநாயகி அந்தக் காட்டுக்குத் தலைமை யானை. ஒரு மாதத்துக்குப் பிறகு முந்தின நாள்தான் வயிறு நிறையக் குடித்திருந்தார். அதனால் நிதானமாக இருந்தார்.

நடந்து போவது கேமராப் படத்திலேயே தெரிகிறதே என்று கிளையப்பன் சாட்சி சொன்னான். சூலபாணி அந்தப் படத்தைக் காட்டினார். வெயிலில் மங்கலாக ஏதோ ஒன்று யாளியின் வாய்க்குள் போனது. நண்டு சிற்பத்தைத் தூக்கிக்கொண்டு போகிற படம் அது என்றார். நண்டு எங்கே என்று பெரியநாயகி கேட்டார். சிற்பத்துக்கு அடியில் என்றார் சூலபாணி.

பெரியநாயகி ஒரு யோசனை சொன்னார். சிற்பம் இருந்த மாதிரியே வளையம்மாள் உட்கார்ந்து காட்டட்டும், அலுவலர் பார்த்துச் சொல்லட்டும். வளையம்மாள் சேற்றைப் பூசிக்கொண்டு ஒரு பாறைமேல் ஏறினாள். காலை மடித்தாள். கண்ணை நிறுத்தினாள். நாற்பது நாள் செய்த காரியம், ஒரு மயிரிழைகூடத் தப்பாமல் உட்கார்ந்தாள். சூலபாணி லென்சை எடுத்துக்கொண்டு மூன்று முறை சுற்றி வந்தார்.

"ரொம்பச் சுமாரான நகல்" என்றார் அவர். "முயற்சி பண்ணியிருக்காங்க, இல்லேங்கல. ஆனா அசல்ல இருந்த உயிரோட்டம் இதுல இல்ல."

வளையம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. ஜெயிலுக்கு அவள் தயாராகத்தான் வந்திருந்தாள். இதற்குத் தயாராக வரவில்லை.

பெரியநாயகி வெகுநேரம் காதை ஆட்டிக்கொண்டு யோசித்தார். பிறகு சூலபாணியிடம், அசல் காணாமல் போனால் உங்கள் விதிப்புத்தகத்தில் என்ன செய்யச் சொல்லியிருக்கிறது என்று கேட்டார். அசல் கிடைக்கும்வரை அதே இடத்தில் நகல் ஒன்றை வைக்கலாம் என்று சூலபாணி படித்துக் காட்டினார்.

"நகல் அசையலாமா?"

சூலபாணி பக்கங்களைப் புரட்டினார். அசையக் கூடாது என்று எழுதியதெல்லாம் அசலுக்குத்தான். நகலைப் பற்றி அப்படி ஒன்றும் இல்லை.

"நகல் உள்ள போய் மணல் வாரலாமா?"

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தார். பின்னட்டையையும் பார்த்தார். நகல் மணல் வாருவதைத் தடுக்க நூற்று நாற்பது விதிகளில் ஒரு விதியும் இல்லை. அவர் நேர்மையானவர். இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

தீர்ப்பு அப்போதே சொல்லப்பட்டது. வளையம்மாள் 'நகல் எண் 17, தற்காலிகம்' என்று நியமிக்கப்பட்டாள். அசல் கிடைத்த அன்றே இடத்தைக் காலி செய்துவிடுவதாக எழுதி, கொடுக்கால் ஒப்பம் வைத்தாள். திருட்டு வழக்கை முடிக்காமல் வைத்திருப்பது என்றும், அசலைத் தேட ஒரு குழு போடுவது என்றும் முடிவாயிற்று. அசலை அடையாளம் காட்டக்கூடிய அளவுக்கு அதைப் பற்றித் தெரிந்தவள் வளையம்மாள் ஒருத்திதான் என்பதால் குழுவுக்கு அவளையே தலைவியாகப் போட்டார்கள்.

அதிலிருந்து அவள் விடிந்ததும் மணல் வாருகிறாள். பத்து மணிக்கு உதட்டில் வந்து உட்காருகிறாள். கால் மரத்தால் நீட்டிக்கொள்கிறாள், முதுகு அரித்தால் சொறிந்துகொள்கிறாள். நகல்தானே என்று யாரும் கண்டுகொள்வதில்லை. பார்க்க வருகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று, அசலைப் பார்த்திருக்க வேண்டும் என்று பெருமூச்சு விட்டு, தொட்டியில் வேண்டிய மட்டும் குடித்துவிட்டுப் போகிறார்கள். தண்ணீர் இப்போது போதும் போதும் என்கிற அளவுக்கு வருவதால், ஒரு மடக்குக் கட்டுப்பாட்டைத் திரும்பப் பெறச் சொல்லி சூலபாணியே மேலிடத்துக்கு எழுதிவிட்டார்.

வருடத்துக்கு ஒருமுறை, மழை விட்ட பிறகு, தேடும் குழு கூடுகிறது. வளையம்மாள் தலைமை தாங்குகிறாள். காடெங்கும் தேடியும் பதினேழாம் எண் சிற்பம் கிடைக்கவில்லை என்று தீர்மானம் வாசித்து ஒப்பம் வைக்கிறாள். சூலபாணி கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். போன வருடம் வளையம்மாளும் துடைத்துக்கொண்டாள். நல்ல சிற்பம், இன்னொன்று அப்படி வராது என்று அவளே சொன்னதாக, பக்கத்தில் இருந்த கிளையப்பன் சொல்கிறான்.

நீதி: அசலாக இருக்கிறவர் அசையக் கூடாது. ஆகவே பிழைக்க விரும்புகிறவர்கள் தங்களுக்குத் தாங்களே நகலாக இருந்துகொள்ளுங்கள். அதிலும் கொஞ்சம் சுமாரான நகலாக இருப்பது உத்தமம்.